டி-ஷர்ட் நன்றாக இருக்கிறது, தைத்த இடத்தின் படிக்கட்டு?

மகன் வளர்ந்துகொண்டே இருக்கிறான். போன கோடையில் எடுத்த சட்டையெல்லாம் இந்தக் கோடையில் இடுப்புக்கு மேலே நிற்கிறது. அதனால் ஒரு சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டு வெஸ்ட்ஃபீல்டுக்குப் போய், எச் அண்ட் எம் கடையில் மூன்று டி-ஷர்ட் சேர்ந்த ஒரு பேக் எடுத்துவந்தேன். கருநீலம், சாம்பல், வெள்ளை.

நான் லண்டனுக்கு வருவதற்கு முன்பு 11 வருடம் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் க்யூசியாக, அதாவது தைத்த துணியின் தரம் பார்ப்பவளாக இருந்தவள். எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன். கடையில் நின்றபடியே அதைச் செய்வதால் மகனுக்கு என்னோடு துணி எடுக்க வரவே பிடிக்காது.

சரி, துணியை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல பருத்தி. கைக்கு 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பக்கம் தோன்றுகிறது. கழுத்து ரிப்பை இழுத்துவிட்டால் உடனே பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. தோளில் டேப் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கை மடிப்பிலும் கீழ்மடிப்பிலும் பேட்லாக் என்கிற மடிப்புத் தையல் ஒரே சீராக ஓடியிருக்கிறது, ஓர் இடத்தில்கூடத் தையல் விட்டுப்போகவில்லை. எட்டுத் துவைப்பு ஆகிவிட்டது. பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வரவில்லை. கருநீலம் வெளுக்கவில்லை, வெள்ளையில் சாயம் ஏற்றவும் இல்லை. பள்ளிக்கூடப் பையன் புரண்டு எழும் துணிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பேட்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தவர் கை தேர்ந்தவர் என்று பார்த்த உடனே தெரிகிறது.

லேபிளில் பங்களாதேஷ் என்று போட்டிருந்தது. அந்த ஆள் உட்கார்ந்து தைத்த மாடிக்கு எத்தனை படிக்கட்டு, அந்தப் படிக்கட்டின் கதவு எந்தப் பக்கமாகத் திறக்கும் என்ற கேள்வி எனக்கு உடனே வரும். ஏன் வரும் என்று சொன்னால்தான் இந்த விமர்சனத்தின் மீதிப் பாதி புரியும்.

நான் வேலை பார்த்த கம்பெனியின் பெயரும், எங்களிடம் துணி வாங்கிய வெளிநாட்டு நிறுவனத்தின், அதாவது பையரின் பெயரும் இங்கே வேண்டாம். கீழே கட்டிங், முதல் மாடியில் தையல், இரண்டாம் மாடியில் செக்கிங், அயர்னிங், பேக்கிங். படிக்கட்டு இரண்டு. முன்னால் இருப்பது எல்லோரும் ஏறி இறங்குவது. பின்னால் இருப்பது அவசரத்துக்கு. ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டால் பின்படிக்கட்டில் அட்டைப்பெட்டிகள் கழுத்தளவு நிற்கும். வைப்பதற்கு வேறு இடம் கிடையாது.

தொழிற்சாலையைச் சோதிக்கப் பையர் ஆடிட் வரும் தேதி எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். முதல் நாள் ராத்திரி பெட்டிகளை லாரியில் ஏற்றி ஒரு குடோனுக்கு அனுப்பிவிடுவோம். தீயணைப்பு சிலிண்டர்களைத் துடைத்து வைப்போம். கைமடிக்கிற பெண்களைக் கூப்பிட்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்போம். ஆடிட்டர் வந்தார், காலியான படிக்கட்டைப் போட்டோ எடுத்தார், எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், போனார். நல்ல மனிதர்தான். மறுநாள் சாயந்திரம் பெட்டிகள் திரும்பி வந்தன. கையில் பேக்கிங் லிஸ்டை வைத்துக்கொண்டு எந்தப் பெட்டியை எந்தப் படியில் அடுக்க வேண்டும் என்று சொன்னது நான். அந்த மாடியில் சுமார் 70 பெண்கள். பாதிப் பேர் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அது தப்பு என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனாலும் செய்தேன். அந்த ஆடிட்டில் எங்கள் கம்பெனிக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

அதனால் கராச்சிச் செய்தி வந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 2012 செப்டம்பர் 11. பால்டியா டவுன் பகுதியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீ. 250 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியே போகும் கதவுகளில் பூட்டு. அந்தத் தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்ஏ 8000 சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். தொழிலாளர் நலனும் பாதுகாப்பும் சரியாக இருக்கின்றன என்பதற்கான சான்றிதழ் அது. எங்கள் ஆபீஸ் சுவரிலும் அந்த மாதிரிச் சான்றிதழ் ஒன்று ஃபிரேம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

அது வைக்கப்பட்ட தீ என்று 2020இல் பாகிஸ்தான் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வைத்த தீயோ தானாகப் பிடித்த தீயோ, உள்ளே இருப்பவர்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். அங்கே முக்கியமான பையர் ஜெர்மனியின் கிக் நிறுவனம். நான்கு வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2016இல் 51.5 லட்சம் டாலர் இழப்பீடு தர அது ஒத்துக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் சிலர் ஜெர்மனியிலேயே கிக் மேல் வழக்கும் போட்டார்கள். டார்ட்மண்ட் நீதிமன்றம் 2019இல் காலம் கடந்துவிட்டது என்று அதைத் தள்ளிவிட்டது. கிக் பொறுப்பா இல்லையா என்ற கேள்விக்கு அந்த நீதிமன்றம் போகவே இல்லை.

கராச்சித் தீக்கு இரண்டு மாதம் கழித்து, அதே 2012 நவம்பர் 24, பங்களாதேஷில் டாக்கா பக்கத்தில் அஷுலியாவில் தஸ்ரீன் ஃபேஷன்ஸ் தொழிற்சாலை. கீழ்த்தளத்தில் குவித்து வைத்திருந்த நூலிலும் துணியிலும் தீ பிடித்தது. அபாய மணி அடித்தபோது எழுந்த தொழிலாளர்களை, ஒன்றுமில்லை உட்கார்ந்து வேலையைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். படிக்கட்டுகள் எல்லாம் தீ எரிந்த கீழ்த்தளத்தில்தான் போய் இறங்கின. வெளிப்புறமாக இறங்க ஒரு படிக்கட்டும் கிடையாது. குறைந்தது 112 பேர். வால்மார்ட்டுக்கான துணியும் அங்கே இருந்தது. எங்கள் அனுமதி இல்லாமல் சப்ளையர் அங்கே கொடுத்துவிட்டார் என்றது வால்மார்ட்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. இதைத்தான் நாங்கள் ஜாப் ஒர்க் என்போம். பையர் ஒரு விலை சொல்வார், அதில் நாலு சென்ட் குறைப்பார், தேதியில் ஒரு வாரம் குறைப்பார். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆர்டர் போய்விடும். ஒத்துக்கொண்டால் நம் மெஷின் போதாது, எனவே ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிங் கட்டுகள் வேறொரு யூனிட்டுக்குப் போகும். ஆடிட் நடந்த கட்டடம் ஒன்று, துணி தைத்த கட்டடம் இன்னொன்று. அந்த விலையும் அந்தத் தேதியும் ஒரே கூரைக்குள் நடக்காது என்று பையரின் ஆபீசில் யாருக்குமே தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன். மின்னஞ்சலில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்தது. 2013 ஏப்ரல் 24, டாக்கா பக்கத்தில் சாவார். இதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன், அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. விரிசல் முதல் நாளே தெரிந்துவிட்டது. 23ஆம் தேதி தூண்களில் விரிசலைப் பார்த்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அதே கட்டடத்தின் கீழ்த்தளங்களில் இருந்த வங்கிக் கிளை மறுநாள் திறக்கவில்லை. கடைகளும் திறக்கவில்லை. மேலே இருந்த ஐந்து கார்மெண்ட்ஸ் கம்பெனிகள் மட்டும் திறந்தன. வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று மிரட்டி ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். மின்சாரம் போய், மாடியில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கியதும் கட்டடம் அதிர்ந்து, 9 மணிக்குச் சற்று முன்னால் எட்டு மாடியும் உட்கார்ந்துவிட்டது. 1,134 பேர். காயம்பட்டவர்கள் சுமார் 2,500 பேர்.

வங்கி ஊழியருக்கு வீட்டில் இருந்துவிட முடிந்தது. தையல் மெஷின்காரருக்கு முடியவில்லை. மாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது சம்பளம் கிடையாது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த ஐந்து கம்பெனிகளில் இரண்டில் ஐரோப்பிய முறைப்படி சமூகப் பொறுப்பு ஆடிட்டும் நடந்திருந்தது.

இதே சாவாரில் 2005 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரம் என்ற ஸ்வெட்டர் தொழிற்சாலை இடிந்து 64 பேர் இறந்தார்கள். ஜாராவின் தாய்க் கம்பெனி இண்டிடெக்ஸ் அதற்கு ஒரு பையர். 2010 பிப்ரவரியில் பங்களாதேஷின் காஸிப்பூரில் கரீப் அண்ட் கரீப் தொழிற்சாலைத் தீயில் 21 பேர். நான் டி-ஷர்ட் எடுத்த இதே எச் அண்ட் எம் அங்கே வாங்கிக்கொண்டிருந்தது. இந்த வருடங்கள் முழுக்க நடத்தை விதிகள் இருந்தன, ஆடிட்டும் இருந்தது, வருட அறிக்கைகளில் சிரிக்கும் பெண்களின் படங்களும் இருந்தன.

ராணா பிளாசா பற்றி இங்கே லண்டனில் பேசினால் பலரும் முதலில் சொல்வது, மலிவுத் துணி வாங்கினால் அப்படித்தான் என்பது. அது தப்பான கணக்கு. பிரைமார்க் துணி அங்கே தைக்கப்பட்டது உண்மை. ஆனால் விலை கூடிய பெனட்டனின் ஆர்டரும் அதே கட்டடத்தில் இருந்தது. முதலில் இல்லை என்று சொன்னார்கள், இடிபாட்டுக்குள் அவர்கள் லேபிள் போட்ட சட்டைகள் கிடைத்த பிறகு ஒத்துக்கொண்டார்கள். பெனட்டன் சட்டை விலைக்கும் பிரைமார்க் சட்டை விலைக்கும் எவ்வளவு வித்தியாசம்! தைத்த கட்டடம் ஒன்றுதான். இழப்பீட்டில் பார்த்தால் மலிவுக் கடையான பிரைமார்க் மொத்தம் 1.4 கோடி டாலர் கொடுத்தது. பெனட்டன் இரண்டு வருடம் கழித்து 11 லட்சம் டாலர் கொடுத்தது. விலைச் சீட்டைப் பார்த்து மனசாட்சியை எடைபோட முடியாது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. அந்தக் கம்பெனி அக்கார்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா?

அக்கார்டு என்பது 2013 மே மாதம் போட்ட ஒப்பந்தம். ஒருபக்கம் ஆடை நிறுவனங்கள், மறுபக்கம் இண்டஸ்ட்ரிஆல், யூனி என்ற இரண்டு சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் பங்களாதேஷ் சங்கங்களும். 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன, சுமார் 1,600 தொழிற்சாலைகள் அதற்குள் வந்தன. பெரிய நிறுவனங்களில் எச் அண்ட் எம் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. பிரைமார்க்கும் இண்டிடெக்ஸும் போட்டன. அமெரிக்க நிறுவனங்களான வால்மார்ட்டும் கேப்பும் போடவில்லை. அவர்கள் அலையன்ஸ் என்று தனியாக ஒன்று வைத்துக்கொண்டார்கள், அது 2018இல் முடிந்தது.

நான் சாப்பாடு போட்டு அனுப்பிய ஆடிட்டிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்றால், முதலாவது, சோதிக்கிறவர் முதலாளியோ பையரோ கூப்பிட்டு வருகிறவர் அல்ல. ஒப்பந்தத்தின் பொதுப் பணத்தில் வருகிற இன்ஜினியர். வாங்குகிற அளவைப் பொறுத்து ஒவ்வொரு நிறுவனமும் பணம் கட்டியது, முதல் ஒப்பந்தத்தில் பெரிய நிறுவனங்களுக்கு வருடத்துக்கு 5 லட்சம் டாலர் வரை. அந்த இன்ஜினியர் தூணைத் துளைத்துப் பார்க்கிறார், மின்பலகையைத் திறந்து உள்ளே எவ்வளவு பஞ்சு படிந்திருக்கிறது என்று பார்க்கிறார். அவர் எழுதுவதை ஊர் உலகமே படிக்கலாம். எங்கள் ஆடிட் ரிப்போர்ட்டை நானே முழுசாகப் பார்த்ததில்லை. தைக்கிற பெண்கள் எங்கே பார்க்க?

இன்னொன்று, சரிசெய்ய மறுக்கும் தொழிற்சாலையிலிருந்து கையெழுத்துப் போட்ட எல்லா நிறுவனங்களும் விலக வேண்டும். ஒருவர் விலகினால் இன்னொருவர் வந்து வாங்கிக்கொள்ள முடியாது. வேலை நடக்கும்போது தொழிற்சாலையை மூட நேர்ந்தால் தொழிலாளர்களுக்குச் சம்பளம் வர வழி செய்ய வேண்டும். கட்டடம் பயமாக இருக்கிறது, உள்ளே போக மாட்டேன் என்று சொல்லும் உரிமை தொழிலாளருக்கு எழுத்தில் உண்டு. 24ஆம் தேதி காலையில் சாவாரில் இல்லாமல் போனது இதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது சட்டப்படி கட்டுப்படுத்துகிறது. வார்த்தை தவறிய நிறுவனத்தைத் தொழிற்சங்கம் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். இழுத்தும் இருக்கிறார்கள். 2016இல் இரண்டு நிறுவனங்கள் மேல் ஹேக் நகரில் வழக்குத் தொடுத்தார்கள். அதில் ஒரு நிறுவனம் 2018இல் 23 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அதில் 20 லட்சம் டாலர், 150க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைச் சரிசெய்ய. 3 லட்சம் டாலர், தொழிலாளர் நிதிக்கு. அந்த நிறுவனத்தின் பெயர் வெளியே வரவில்லை, அது எனக்கு இன்னும் ஆற்றாமைதான். ஆனாலும் பையர் பணம் கட்டினார்! நான் இருந்த 11 வருடத்தில் பையர் எங்களிடம் அபராதம் பிடித்ததைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு பையர் தன் தப்புக்குப் பணம் கட்டியதாகக் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

இனி என் டி-ஷர்ட்டுக்கு வருகிறேன். எச் அண்ட் எம் 2013இலேயே சப்ளையர் பட்டியலை வெளியிட்ட நிறுவனம். 2019இலிருந்து இணையதளத்தில் ஒவ்வொரு துணியின் பக்கத்திலும் எந்த நாடு, எந்தச் சப்ளையர், எந்தத் தொழிற்சாலை, எந்த முகவரி, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று போடத் தொடங்கியது. என் பேக்கின் பக்கத்தைத் திறந்து அந்தப் பகுதியைச் சொடுக்கினேன். காஸிப்பூர் மாவட்டத்து முகவரி ஒன்று வந்தது. அந்தப் பெயரை அப்படியே எடுத்துப்போய் ஆர்எஸ்சி தளத்தில் தேடினேன். 2020 ஜூன் முதல் பங்களாதேஷில் அக்கார்டு செய்துவந்த சோதனை வேலைகளைச் செய்வது இந்த ஆர்எஸ்சிதான். தொழிற்சாலை கிடைத்தது. ரிப்போர்ட்டும் கிடைத்தது. தொழிற்சாலையின் பெயரை இங்கே எழுதவில்லை, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு என்னால் ஒரு தொந்தரவும் வேண்டாம்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் படித்தேன். கட்டடம், தீ, மின்சாரம் என்று மூன்றாகப் பிரித்து, குறை என்ன, எப்போதுக்குள் சரிசெய்ய வேண்டும், இப்போது என்ன நிலை என்று வரிசையாக இருக்கிறது. படிக்கப் படிக்க எங்கள் கம்பெனிக்குள்ளேயே நடப்பதுபோல் இருந்தது. வெளியேறும் வழியில் பூட்டுப் போடக்கூடிய கதவு. இழுத்து மூடும் மடக்கு கேட். படிக்கட்டில் சரக்கு. மின்பலகையில் பஞ்சு. இந்தத் தளத்தில் இந்தத் தூண்களுக்கு நடுவே இவ்வளவு எடைக்கு மேல் துணி அடுக்கக் கூடாது. பெரும்பாலான வரிகளுக்கு எதிரே சரிசெய்யப்பட்டது, சோதித்துப் பார்க்கப்பட்டது என்று இருந்தது. சிலவற்றில் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று இருந்தது.

படிக்கட்டில் சரக்கு என்ற வரியில் மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதைப் படிக்க ஆடிட்டர் வர வேண்டாம், முதலாளியின் அனுமதி வேண்டாம். ஈஸ்ட் ஹாமில் ஒரு அம்மா பிள்ளைக்கு டி-ஷர்ட் எடுத்துவிட்டுப் படிக்கலாம். காஸிப்பூரில் அந்தப் படிக்கட்டில் ஏறுகிறவரும் படிக்கலாம். என்னைப் போல் ஒருத்தி ராத்திரியில் பெட்டிகளை லாரியில் ஏற்றிவிட்டால் மறுநாள் யாரும் கண்டுபிடிக்காமல் போய்விடலாம். ஆனால் அடுத்த முறை பெட்டி திரும்பி வரும்போது புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் அங்கே சுவரில் இருக்கும். எங்கள் சுவரில் சான்றிதழ் மட்டும்தான் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2014இல் முதல் சுற்றுச் சோதனையில் 1,106 தொழிற்சாலைகளில் 80,000க்கும் மேற்பட்ட குறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. சரிசெய்ய வைத்த கெடுக்கள் நிறையவே தாண்டிப் போயின. 2015இல் தொழிலாளர் உரிமை அமைப்புகள் எச் அண்ட் எம்மின் முதல்தரச் சப்ளையர்களின் ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் தீ விபத்தில் வெளியேறும் வழிகள் இன்னும் சரியாகவில்லை என்று தெரிந்தது. ஆரம்பத்திலேயே கையெழுத்துப் போட்ட நிறுவனத்தின் லட்சணம் அது. ஆனால் அவர்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எச் அண்ட் எம் தன் பட்டியலை வெளியிட்டிருந்ததாலும், அக்கார்டு தன் ரிப்போர்ட்டை வெளியிட்டிருந்ததாலும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டுமே இல்லாத நிறுவனங்களைப் பற்றி அப்படி ஒரு செய்தி வராது. செய்தி வராததால் அவை நல்ல நிறுவனங்கள் ஆகிவிடாது.

2017 ஜூலையில் காஸிப்பூரில் மல்டிஃபேப்ஸ் என்ற தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து 13 பேர் செத்தார்கள். அக்கார்டின் சோதனைக்குள் அப்போது பாய்லர் வராது. பிறகுதான் சேர்த்தார்கள். கூலி இன்றும் அதற்குள் வராது. பங்களாதேஷில் ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் அந்த நாட்டுப் பணத்தில் 2013இல் 5,300 டக்கா, 2018இல் 8,000, 2023இல் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு 12,500. கதவு திறந்தே இருந்தாலும், ஒரு நாள் சம்பளம் போனால் சமாளிக்க முடியாதவர் விரிசல் விட்ட கட்டடத்துக்குள் மறுபடியும் போவார். விலையில் நாலு சென்ட் குறைப்பதற்கும் அந்தப் படிக்கட்டுக்கும் உள்ள சம்பந்தம், பாதுகாப்புக்குக் கட்டுப்படியாகும் விலை பேச வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பொதுவான வரியாக மட்டுமே இருக்கிறது. எச் அண்ட் எம்முக்கும் இதில் நான் மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

2021இல் சர்வதேச அக்கார்டு என்று பெயர் மாற்றிப் புதுப்பித்தார்கள், 2023இல் மறுபடியும் புதுப்பித்தார்கள். அதே 2023இல் பாகிஸ்தானிலும் தொடங்கியது. கராச்சியில் செத்தவர்களின் அம்மாக்கள் பத்து வருடம் காத்திருந்தார்கள். ஆர்எஸ்சியின் நிர்வாகத்தில் இப்போது தொழிற்சாலை முதலாளிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ரிப்போர்ட்டுகள் தொடர்ந்து வெளியே வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை. எச் அண்ட் எம்மின் இந்த டி-ஷர்ட்டைத் தாராளமாக எடுக்கலாம், தையலுக்காகவும், தைத்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடிவதற்காகவும். எடுத்த பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். யாரும் பார்க்காத பக்கத்தை ஒரு நாள் எடுத்துவிடுவார்கள். வேறு கடையில் எடுத்தால், பணம் கட்டும் இடத்தில் நிற்கும் பிள்ளையிடம் கேட்காதீர்கள், பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது. அக்கார்டு தளத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியல் இருக்கிறது, அதில் தேடுங்கள். இல்லையென்றால் தலைமை அலுவலகத்துக்கு நாலு வரி எழுதுங்கள்: ஏன் போடவில்லை, இந்தத் துணி எந்த முகவரியில் தைத்தது. எங்கள் நிறுவனத்துக்குச் சொந்த நடத்தை விதிகள் உள்ளன என்று ஒரு பதில் வரும். திரும்ப எழுதுங்கள், நடத்தை விதி வேண்டாம், முகவரி வேண்டும் என்று. நான் இதுவரை மூன்று நிறுவனங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒன்று முகவரி கொடுத்தது.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தியா அக்கார்டுக்குள் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடும் எச் அண்ட் எம்மோடும் ஓர் ஒப்பந்தம் போட்டது. கேப்பும், பிவிஎச் என்ற இன்னொரு ஆடை நிறுவனமும் பின்னால் சேர்ந்தன. வேலையிடத்தில் பெண்கள் மேல் நடக்கும் வன்முறையைத் தடுக்க, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். நம் ஊர்ப் பெண்களால் அது முடிந்திருக்கிறது. ஆனால் அது குறிப்பிட்ட சில தொழிற்சாலைகளுக்கு மட்டும். என் பழைய கம்பெனியின் பெயரைப் போட்டு எந்தத் தளத்தில் தேடினாலும் படிக்கட்டைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைக்காது.

அந்த ரிப்போர்ட்டைப் படித்து முடித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. விடிகாலையில், அங்கே காலை ஒன்பது மணி இருக்கும், பேக்கிங்கில் என்னோடு இருந்த அக்காவுக்குப் போன் போட்டேன். இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். பையன் படிப்பு, அவர் முழங்கால் வலி, மழை பெய்ததா என்றெல்லாம் பேசிவிட்டுக் கேட்டேன், "அக்கா, பின்னாடி படிக்கட்டு இப்ப எப்படி இருக்குதுங்க்கா?"

"ஷிப்மெண்ட் நேரம் கண்ணு," என்றார். "பெட்டி இருக்கத்தான் இருக்கும். ஒரு ஆள் ஒதுங்கிப் போறதுக்கு வழி உட்டுத்தான் வெச்சிருக்கறோம்."

எத்தனை பேர் இப்போது அந்த மாடியில் என்று கேட்டேன். தொண்ணூறு பேர் என்றார்.